டிவிக்குப் பின்னால் இருக்கும் கேபிள்களை எல்லாம் வெளியே தெரியாமல் மறைப்பது எப்படி?

தாராளமாக மறைக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதம்தான் என்னை எழுத வைத்தது. டிவி, சவுண்ட்பார், செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாவற்றின் வயர்களையும் பின்னால் தள்ளி, பலகை அடித்து ஒரேயடியாக மூடிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டிவரும். கட்டாயம் வரும். அதனால் மூடுங்கள், ஆனால் கருவி எதுவும் இல்லாமல் கையால் திறக்கிற மாதிரி மூடுங்கள். சுருக்கமான பதில் வேண்டும் என்றால் இதுதான்.

புதிதாக டிவியைச் சுவரில் மாட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் அலமாரி செய்யக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வி அப்போதுதான் வரும். விளம்பரப் படங்களில் வரும் டிவிச் சுவர்களைப் பார்த்து ஆசைப்படுவதிலும் தப்பில்லை. அந்தப் படங்கள் பலவற்றில் டிவிக்கு மின்சார வயர்கூட இருக்காது. யாரும் வாழாத அறைகள் அவை. உங்கள் அறையில் ஆட்கள் இருக்கிறார்கள், பெட்டிகள் மாறும், கேபிள் பழுதாகும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டிவி அலமாரி செய்து மாட்டிய அன்று நான் வீட்டில் இல்லை. வேலை எடுத்தவர் எல்லா வயர்களையும் பின்னால் தள்ளி, பலகையை ஸ்குரு போட்டு முடுக்கி, ஓரம் முழுக்க சிலிக்கான் பசை பூசி மூடிவிட்டுப் போயிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வயர் தெரியவில்லை.

அப்பாவுக்குக் காது மந்தம். டிவி பார்க்க வயர்லெஸ் ஹெட்ஃபோன் ஒன்று வைத்திருந்தார். அதன் டிரான்ஸ்மிட்டர், ஒலியை வெளியே அனுப்பும் டிவியின் ஆப்டிகல் அவுட் துளையில் இணைந்திருக்கும். எங்கள் டிவியில் ஸ்பீக்கரும் ஆப்டிகலும் சேர்ந்தே வேலை செய்யும் என்பதால் நாங்கள் ஸ்பீக்கரில் கேட்போம், அவர் தனக்கு வேண்டிய அளவுக்கு ஹெட்ஃபோனில் சத்தம் வைத்துக்கொள்வார். யாருக்கும் தொந்தரவில்லை.

அலமாரி வந்த பிறகு அவர் டிவி பார்ப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கூட வந்து உட்காருவார், ஹெட்ஃபோனை மாட்ட மாட்டார். கேட்டால் "இப்ப வர்றது ஒண்ணும் நல்லா இல்ல" என்பார். அம்மாவிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். "காது இன்னும் போயிடுச்சு போல. பேசிக்கிட்டே இருக்காங்க, நடுவுல நடுவுல ஒண்ணுமே கேக்கல." டாக்டரிடம் கூட்டிப்போனோம். சோதித்துப் பார்த்துவிட்டு, காது பழைய அளவில்தான் இருக்கிறது, புதிதாக எதுவும் குறையவில்லை என்றார்.

அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும் என்று அன்றைக்கே அவருடைய ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் வருகிறது, அரை வார்த்தையில் நிற்கிறது, மறுபடி வருகிறது. ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை. அவர் ஒருவருக்கு மட்டும் வெட்டி வெட்டி வந்திருக்கிறது. இதைத் தன் காதின் குறை என்று நினைத்துக்கொண்டு அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பசையைப் பிளேடால் கீறி, ஸ்குருக்களைக் கழற்றிப் பலகையை எடுத்தேன். உள்ளே பவர் கார்டு, படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ, ஆன்டெனா கேபிள், ஆப்டிகல் எல்லாம் ஒரே கட்டாகப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. ஆப்டிகல் கேபிள் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நேர் செங்கோணமாக மடங்கி நசுங்கியிருந்தது. அந்தக் கேபிளுக்குள் ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். தோஷிபா நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த டாஸ்லிங்க் முறை அது. உள்ளே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் இழை, அதில் சிவப்பு ஒளி. மடித்தால் மடிப்பில் ஒளி கசிந்துவிடும். ஒரு முனையைக் கழற்றி உள்ளங்கையில் காட்டினேன், மங்கலாக ஒரு புள்ளி விழுந்தது. மடிப்பைக் கையால் நிமிர்த்தினால் பிரகாசமானது, விட்டால் மங்கியது. புதுக் கேபிள் வாங்கி, எங்கேயும் முறியாமல் பெரிய வளைவாக விட்டு மாட்டினேன். அப்பா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப என் காதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். பழைய கேபிளைக் கையில் கொடுத்து, மடிந்த இடத்தைக் காட்டிச் சொன்னேன். இதற்குப் பிறகும் "எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்" என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, கேபிளுக்கு இதில் சம்பந்தம் இல்லைதான். காது கேட்காதவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர்களைப் பற்றி மூன்றாம் மனிதரைப் பேசுவதுபோல் பேசுகிறோம். "அவருக்குக் கேக்காது, விடு" என்கிறோம். அது அவர்களுக்குக் கேட்கும். தான் இன்னொரு முறை சொல்லச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதையும் பார்த்துவிடுவார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிடுவார்கள். சத்தம் சரியாக வரவில்லை என்று அப்பா எங்களிடம் நேராகச் சொல்லாததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் உட்பட எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, வயருக்கு வருகிறேன். வேலை செய்தவரை நான் திட்டவில்லை, அவர் கையில் வேலை சுத்தம். ஆப்டிகல் கேபிளை மடிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பொதுவாகத் தச்சு வேலைக்காரர் மரத்தைப் பார்ப்பார், எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டைப் பார்ப்பார், டிவி மாட்ட வருகிறவர் டிவியைப் பார்ப்பார். நடுவில் இருக்கும் கேபிளுக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

முதலில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு கேபிளாக வெளியே எடுங்கள். எது எங்கே போகிறது என்று கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வீடுகளில் இந்தக் கட்டத்திலேயே கூட்டம் குறைந்துவிடும். எப்போதோ தூக்கிப்போட்ட பிளேயரின் மூன்று வண்ண ஆர்சிஏ வயர்கள் இன்னும் டிவியில் தொங்கும். சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ, ஆப்டிகல் இரண்டையும் மாட்டியிருப்பார்கள். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-லிருந்தே ஏஆர்சி வசதி இருக்கிறது. டிவியிலும் சவுண்ட்பாரிலும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளைகளை ஒரே எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால் டிவியின் ஒலி அதன் வழியாகவே போய்விடும். மறைக்க வேண்டிய கேபிளில் ஒன்று குறைந்தது.

அடுத்தது நீளம். வேண்டியதைவிட நீளமான கேபிளை வாங்கிவிட்டு மிச்சத்தைச் சுருட்டி ஒளித்துவைப்பதால்தான் பின்பக்கம் இப்படி ஆகிறது. நூல் பிடித்து, கேபிள் போகப்போகும் வழியிலேயே அளந்து, கை உள்ளே போய்ப் பிளக்கைக் கழற்றும் அளவுக்கு மட்டும் கூடுதலாக வைத்து வாங்குங்கள். டிவியை வெளியே இழுத்துத் திருப்பும் ஸ்டாண்டில் மாட்டியது என்றால், முழுக்க வெளியே இழுத்த நிலையில் அளக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் டிவியைத் திருப்பும்போது கேபிள் துளையையே நெம்பிவிடும். 4கே படம் 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை மாறி ஓடும் கன்சோல் வைத்திருந்தால் நொடிக்கு 48 ஜிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட் வகை எச்டிஎம்ஐ வேண்டும். அதில் சாதாரணச் செம்புக் கேபிள் 5 மீட்டருக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் உள்ளே ஒளி இழை (ஃபைபர்) உள்ள எச்டிஎம்ஐ கேபிள்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் திசை உண்டு, எந்த முனை டிவிக்கு என்று முனையிலேயே எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படம் வராது. மூடுவதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை மட்டும் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் டேக் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும், நன்றாக இறுகும், விலையும் குறைவு என்பார்கள். அது 1958-ல் விமானத்துக்குள் போகும் வயர்க் கட்டுகளுக்காக வந்த பொருள். ஒருமுறை கட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வீட்டு டிவிக்குப் பின்னால் ஆண்டுக்கு ஒரு சாமானாவது மாறும், ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோலோடு அந்த இடுக்கில் கையை விட வேண்டும். வெட்டப்போய்க் கேபிள் தோலையும் வெட்டியவர்களை எனக்குத் தெரியும். வெல்க்ரோவை விரலால் பிரிக்கலாம், இறுக்கவும் தளர்த்தவும் முடியும். கட்டிய பிறகு ஒரு கேபிளைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் நகர்ந்து வர வேண்டும். அவ்வளவு தளர்வு போதும்.

ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். கறுப்பு கேபிள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் இல்லாதபோது வீட்டில் இன்னொருவர் செட்டாப் பாக்ஸை மட்டும் கழற்ற வேண்டிவந்தால் அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் ஆப்டிகல் கேபிளின் மேல் "அப்பா ஹெட்ஃபோன், மடிக்காதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மின்சார வயர்களை ஒரு பக்கமும் மற்றவற்றை இன்னொரு பக்கமும் கொண்டுபோங்கள். எச்டிஎம்ஐ டிஜிட்டல், இதனால் பெரிதாகப் பாதிக்காது. கனத்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபருக்குப் போகும் ஆர்சிஏ வயர் பவர் கார்டோடு ஒட்டி நீளமாகப் போனால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் பிடிக்கலாம். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்கோணத்தில் கடக்கவிடுங்கள். இரைச்சல் வேறு காரணங்களாலும் வரும், ஆன்டெனா கேபிளைக் கழற்றினால் நின்றுவிட்டது என்றால் அது எர்த் சம்பந்தப்பட்டது, வயரை நகர்த்திப் பயனில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோய் டிவிக்குப் பின்னால் சொருகுகிறார்கள். யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மௌஸ், பழைய வைஃபை, பல வயர்லெஸ் ஹெட்ஃபோன்கள் வேலை செய்வதும் அதே பகுதியில்தான். டிஸ்க்கையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அலமாரியின் உள்பக்கம் மேலே திருகி மாட்டிவிட்டால் அடாப்டர்கள் தரையில் கிடக்காது, தூசியும் குறையும். ஆனால் ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீர்கள், அது தீப்பிடிக்கும் வழி. நீளமான பவர் கார்டை இறுக்கமாகச் சுருட்டி மூடிய பெட்டிக்குள் வைப்பதும் அப்படித்தான், சூடு வெளியேற வழியிருக்காது. கேபிள்களைப் போட்டு மூடும் பெட்டிகள் கிடைக்கின்றன, இரண்டு பக்கமும் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கன்சோலுக்குப் பின்னால் வயர்க் கட்டை அடைத்து வைக்கக் கூடாது, அதன் சூடான காற்று வெளியேறுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

"இப்போது எல்லாமே வயர்லெஸ், எதற்கு இத்தனை பேச்சு" என்று ஒருவர் வந்து சொல்வார். பின்பக்க ஸ்பீக்கர்கள் வயர்லெஸ் என்று விற்கப்படுகின்றன, ஆனால் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனியாகப் பவர் கார்டு வேண்டும். ஸ்பீக்கர் வயர் இரண்டு போய்ப் பவர் கார்டு இரண்டு வந்திருக்கும்.

கடைசியாகச் சுவர். சுவரை உடைக்க மனமில்லை என்றால் பிவிசி கேசிங் பட்டியைச் சுவரில் ஒட்டி, சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிடுங்கள், சற்றுத் தள்ளி நின்றால் கண்ணில் படாது. மூடியை நகத்தால் நெம்பித் திறக்கலாம் என்பதால் என் முதல் விருப்பம் இதுதான். சுவருக்குள்தான் போக வேண்டும் என்றால், டிவியோடு வரும் பவர் கார்டை உள்ளே விடாதீர்கள். அந்த வகைக் கார்டு சுவருக்குள் மறைந்து கிடப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை, பல நாடுகளின் மின் விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து டிவிக்குப் பின்னாலேயே ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கேபிள்களுக்குக் குழாய் பதிக்கச் சொல்லுங்கள், எச்டிஎம்ஐ கேபிளின் தலை தாராளமாக நுழைகிற அகலத்தில், முட்டி இல்லாமல் நீண்ட வளைவாக. பூசி முடிப்பதற்கு முன்பே உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். அந்தக் கயிற்றால் கேபிளை இழுக்கும்போது கூடவே இன்னொரு கயிற்றையும் கட்டி இழுத்துவிடுங்கள், அடுத்த கேபிளுக்கு அது வேண்டும்.