சந்தனமா, சாம்பல் நீலமா?

கேள்வி: பெரம்பூரில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மாமனார் சந்தன நிறம் என்கிறார். எனக்கு வெளிர் சாம்பல் நீலம் பிடித்திருக்கிறது. ஒரே ஜன்னல்தான், மேற்குப் பார்த்தது. பெயிண்டர் தினமும் கேட்கிறார். எதைச் சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: ஷேடு கார்டை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? கடை டியூப்லைட்டுக்குக் கீழே என்றால், நீங்களும் மாமனாரும் அந்த நிறங்களை இன்னும் பார்க்கவே இல்லை.

மேற்கு ஜன்னலில் காலையில் நேர் வெயில் வராது. எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் வரும். அந்தச் சுவர் ரோஸ் என்றால் உங்கள் ஹாலிலும் லேசாக ரோஸ் சாயல் இருக்கும். மூன்று மணிக்கு மேல் கதையே வேறு. சாய்ந்த வெயில் உள்ளே விழும்போது சந்தனம் மாம்பழ மஞ்சளாகிவிடும். சித்திரை மாதத்தில் அதைப் பார்த்தாலே புழுங்கும். சாம்பல் நீலம் அந்த நேரத்தில் கண்ணுக்கு இதம்.

அதனால் என் ஓட்டு உங்களுக்குத்தான். ஆனால் ராத்திரி ஒரு சிக்கல் உண்டு. 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் நீலம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். வேலை முடிந்து எல்லோரும் ஹாலில் உட்காருவதே விளக்கு போட்ட பிறகுதானே? கொஞ்சம் மஞ்சள் கலந்த 4000 கெல்வின் விளக்குக்கு மாறுங்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், பெட்டியிலேயே இருக்கும். விளக்கை மாற்ற மாட்டோம் என்றால் மாமனார் சொல்வதே சரி.

என்னை நம்பியும் அடித்துவிடாதீர்கள். கார்டைப் பார்த்துப் பிஸ்தா பச்சை வாங்கி, நாலு சுவரிலும் கிளிப்பச்சையோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். சுவர்கள் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கிக் காட்டும். கார்டில் சாதுவாக இருப்பது அறையில் அழுத்தமாகிவிடும். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, ஆளுக்கொரு வெள்ளை சார்ட்டில் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் பார்க்க வேண்டாம், எமல்ஷன் காய்ந்ததும் பெரும்பாலும் ஒரு படி கருக்கும். காய்ந்த பிறகு ஜன்னல் பக்கச் சுவரிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றி ஒட்டி, காலை, மாலை, ராத்திரி மூன்று வேளையும் பாருங்கள். மாமனாரையும் கூடவே நிற்க வையுங்கள்.

பெயிண்டரிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடிக்கவே அவருக்கு அதற்கு மேல் ஆகும்.