வாசகர் கேள்வி பதில்: தங்கக் கருக்களின் மோதலில் ஏற்ற இறக்கத்தை ஏன் அளக்கிறார்கள்?

கேள்வி: பார அயன்களை மோதவிடும் பரிசோதனைகளில், துணிக்கைகளின் சராசரி எண்ணிக்கையை விட அது மோதலுக்கு மோதல் கூடிக் குறைவதையே ஆய்வாளர்கள் துருவி அளக்கிறார்கள் என்று வாசித்தேன். கூடிக் குறைவது இயல்புதானே? – உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: இயல்புதான். ஆனால் எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் அடங்காத பகுதியைத்தான் தேடுகிறார்கள்.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், 79 புரோத்தன்களும் 118 நியூத்திரன்களும் கொண்ட தங்கக் கருக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி மோதியபோது, புரோத்தன்களே உருகிக் அவற்றின் உட்கூறுகளான குவார்க்குகளும், அவற்றைப் பிணைக்கும் குளுவோன்களும் கட்டின்றித் திரியும் ஊடகம் ஒன்று கணப்பொழுதுக்கு உண்டானது. பேரியன்களின் (புரோத்தன், நியூத்திரன் போன்ற துணிக்கைகளின்) அடர்த்தி குறைந்தவிடத்தில் இந்த மாற்றம் ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி கெல்வினில், திடீரென்றல்லாமல் படிப்படியாக நிகழ்கிறது. அடர்த்தி கூடுமிடத்தில் அது திடீர் மாற்றமாகலாம் என்றும், அப்படியானால் இரண்டுக்கும் இடையில், திடீர் மாற்றம் முடிவுறும் ஓர் அவதிப் புள்ளி இருக்க வேண்டும் என்றும் கருதப்படுகிறது. அப்புள்ளியை நெருங்க நெருங்க, ஒன்றையொன்று பாதிக்கும் பகுதிகளின் நீளம் வளர்கிறது. எண்ணிக்கையின் மாறற்றிறன் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) இந்த நீளத்தின் ஏறத்தாழ இரண்டாம் வலுவிலும், பரம்பலின் வாலைக் காட்டும் நான்காம் வரிசை அளவு ஏறத்தாழ ஏழாம் வலுவிலும் உயர்வதால், சராசரியில் தெரியாத ஒன்று அங்கே தெரியக்கூடும்.

என் பார்வையில், அளவிடுவதைவிடக் கழிப்பதே பெரிய வேலை. இரண்டு கருக்கள் நேருக்கு நேரும் மோதலாம், ஓரமாக உரசியும் போகலாம். எந்த மோதலில் எவ்வளவு பங்கு ஈடுபட்டது என்பது நேரடியாகத் தெரியாது. வயலின் ஏக்கர் தெரியாமல் காலபோக நெல் மூடைகளை மட்டும் எண்ணி விளைச்சல் ஏறி இறங்கியது என்று சொல்வது போன்ற தவறு இங்கே எளிதில் நேரும். ஆகவே உருவான துணிக்கைகளின் தொகையைக் கொண்டு மோதல்களை வகைப்படுத்துகிறார்கள். ஆராயப்படும் புரோத்தன்களை அந்தத் தொகையில் சேர்ப்பதில்லை. போதாததற்கு, உணரி சில புரோத்தன்களைத் தவறவிடும். அந்த இழப்பு எழுந்தமானமாக நிகழ்ந்தால், உண்மையான விலகலையும் இயல்பான கணக்கை நோக்கி இழுத்து மறைத்துவிடும்.

கேள்வி: பேரியன் எண் காக்கப்படும் என்றே படிப்பிக்கிறோம். இரண்டு தங்கக் கருக்களுக்கு அது 394. பிறகு எது ஏறி இறங்குகிறது? – ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: முழுவதையும் எண்ணினால் எதுவுமே ஏறி இறங்காது. மோதலின் நடுப்பகுதியிலிருந்து வெளியேறும் துணிக்கைகளை மட்டும், ஒரு குறுகிய எல்லைக்குள் எண்ணுகிறார்கள். அந்த எல்லையினூடாகப் பேரியன் எண் வருவதும் போவதுமாக இருக்கும். எல்லையை அகலப்படுத்தினால் காப்பு விதியே ஏற்ற இறக்கத்தை நெருக்கத் தொடங்கும், ஒடுக்கினால் தேடும் தொடர்பு நழுவிவிடும். நியூத்திரன்களை அந்த உணரியால் எண்ண முடியாது என்பதால், புரோத்தன்களிலிருந்து எதிர்ப்புரோத்தன்களைக் கழித்த எண்ணே பதிலாளாக நிற்கிறது.

கேள்வி: இதுவரை என்ன கண்டார்கள்? – வாசகர், மாங்குளம்

பதில்: புரோத்தன்கள் ஒன்றையொன்று சாராமல் உருவானால், நான்காம் வரிசை அளவுக்கும் மாறற்றிறனுக்கும் உள்ள விகிதம் 1 ஆக இருக்கும். புரூக்ஹேவனில் இந்த மோதல்களை அளக்கும் ஸ்டார் குழு 2021இல் வெளியிட்ட முடிவில், மோதல் சக்தியோடு இவ்விகிதம் ஒரே திசையில் மாறாதது 3.1 நியம விலகல் அளவுக்குத் தென்பட்டது. கண்டுபிடிப்பு என்று சொல்லத் துறையில் 5 கேட்பார்கள். 2019 முதல் 2021 வரை கூடுதல் தரவு திரட்டப்பட்டது. ஏன் அவ்வளவு தரவு என்பதை வீட்டுக் கணினியிலேயே பார்க்கலாம்: சராசரி 10 கொண்ட புவாசோன் பரம்பலிலிருந்து (ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளின் எண்ணிக்கை பின்பற்றும் பரம்பல்) 10,000 எண்களை எடுத்து இவ்விகிதத்தைக் கணித்தால், அது 1இலிருந்து ஏறத்தாழ 0.5 விலகி நிற்பது சாதாரணம். 10 இலட்சம் எண்கள் எடுத்தால்தான் விலகல் 0.05 அளவுக்கு இறங்கும்.