குழியின் முகவரியும் எலியின் வரைபடமும்

அன்புள்ள ஐயா,

எலி ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும், அதாவது மின்குறிப்பு அனுப்பும், மூளையின் இடச் செல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். 384 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளில் விதவிதமான ரசாயனங்களை விட்டு, எது புற்றுச் செல்லைக் கொல்கிறது என்று பார்ப்போம். குழியில் பெயர் எழுத முடியாது. அது எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பத்தி என்பதே அடையாளம். போன மாதம் ஒரு தட்டு தலை மாறிக் கருவிக்குள் போய்விட்டது, முடிவெல்லாம் குழப்பம். எலி செய்வதும் நாங்கள் செய்வதும் ஒன்றுதானா?

கவிதா, உட்லண்ட்ஸ்

அன்புள்ள கவிதா,

நல்ல கேள்வி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிறவை என்பேன். உங்கள் தட்டில் இடம் பொருளைச் சொல்கிறது. எலிக்குள் ஒரு செல் இடத்தைச் சொல்கிறது. ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இருக்கும் இந்த இடச் செல்கள், எலி ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு வரும்போது மட்டும் துடிப்பதை ஜான் ஓ'கீஃபும் ஜொனதன் டொஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971-ல் எழுதினார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் பக்கத்துப் பக்கத்து இடங்களைக் காட்ட வேண்டியதில்லை. எந்தச் செல் துடிக்கிறது என்பதுதான் செய்தி, அது மூளைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை. உங்கள் தட்டில் குழிகளைக் கலைத்துப்போட்டால் கதை முடிந்தது!

இடமே பெயராகும் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்தது 1991-ல் ஸ்டீபன் ஃபோடர் குழு செய்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மறைப்புகளை வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி விழவிட்டு, அங்கே மட்டும் அமினோ அமிலம் ஒட்டும்படி செய்தார்கள். பத்தே படிகளில் 1,024 பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலச் சங்கிலிகள். ஒவ்வொரு படியிலும் ஒளி பட்டதா இல்லையா என்று பார்த்தால் இரண்டின் பத்தாம் அடுக்கு, கணக்குச் சரியாக வரும். எந்தப் புள்ளியில் எந்த பெப்டைடு என்று யாரும் தனியாகக் குறித்து வைக்க வேண்டாம். அந்தப் புள்ளியில் எந்தெந்தப் படியில் ஒளி பட்டது என்பதே அதன் வரலாறு. எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்துவிட்டால் இந்த வசதி போய்விடும். அதற்குத்தான் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு டிஎன்ஏ அடையாளத்தைக் கோத்துவிடும் யோசனையை பிரென்னரும் லெர்னரும் 1992-ல் முன்வைத்தார்கள்.

சரி, எலிக்கும் உங்களுக்கும் பொதுவானது எது? இரண்டு சங்கதிகள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எட்டாம் மாடி, இத்தனையாம் எண் என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த புளோக் என்றும் சொல்ல வேண்டும். உங்கள் தட்டின் பார்கோடு அந்த புளோக் எண். எலியை வேறு அறைக்கு மாற்றினால் அதே இடச் செல் அங்கே வேறொரு இடத்தைக் காட்டலாம், சில செல்கள் வாயே திறக்காது. எலி எந்த அறையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு செல்லின் துடிப்பை மட்டும் வைத்து எதையும் படிக்க முடியாது.

அடுத்தது திசை. உங்கள் தட்டு மாறிய விஷயத்துக்கு இதுதான் நெருக்கமானது. முல்லரும் கூபியும் 1987-ல் வெளியிட்ட சோதனையில், எலி ஓடிய உருளைக் கூண்டின் சுவரில் ஒரு வெள்ளை அட்டை மட்டும் இருந்தது. அட்டையைத் திருப்பி வைத்தால் செல்கள் துடிக்கும் இடங்களும் கூடவே திரும்பின. அட்டையை எடுத்துவிட்டால், அவற்றின் வடிவமும் சுவரிலிருந்து அவை இருந்த தூரமும் அப்படியே இருந்தன. எந்தப் பக்கம் என்பதுதான் கணிக்க முடியாதபடி மாறியது. எந்தப் பக்கம் எது என்று காட்டத் தட்டின் மூலையில் இருக்கும் வெட்டைக் கவனிக்காமல் செருகிய தட்டும் இந்த நிலையில்தான் இருக்கிறது.

அதனால் மூலை வெட்டை மட்டும் நம்ப வேண்டாம். செல்லைக் கொல்லும் என்று முன்பே தெரிந்த மருந்தை ஒரு கோடிப் பத்தியிலும், எதுவும் சேர்க்காத கரைப்பானை எதிர்க் கோடியிலும் வையுங்கள். தட்டு திரும்பியிருந்தால் எண்களிலேயே தெரிந்துவிடும், அந்த நாள் வேலையையும் கணினியில் திருப்பிப் போட்டு மீட்டுக்கொள்ளலாம். அப்புறம், ஓரக் குழிகளில் ஈரம் சீக்கிரம் காயும். அங்கே வரும் முடிவை மருந்தின் குணம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அதே மருந்தை நடுக் குழியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.