வாசகர் கேள்வி: கூத்தை ராத்திரியில் பாருங்கள்

கேள்வி: வந்தவாசிப் பக்கம் எனக்கு ஊர். திரௌபதி அம்மன் கோயில் தெருக்கூத்தைப் பார்த்தே வளர்ந்தவள். இப்போது மகனோடு புனேயில் இருக்கிறேன். முட்டிவலியால் ஊருக்குப் போக முடிவதில்லை. யூடியூபில் கூத்து போட்டால் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை, ஒரே இரைச்சல். பேரன் எழுந்தே போய்விடுகிறான். எனக்கு ரசனை போய்விட்டதா?
– ஒரு வாசகி, புனே

பதில்: ரசனை எங்கேயும் போகவில்லை அம்மா. எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே! மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டிருந்தால் யாருக்குமே ஒட்டாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கிற கலை அது. கூத்துக்காரர்கள் அந்தப் பொழுதை நம்பித்தான் ஒரே விருத்தத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக் கதையை விரிக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி, வேலையெல்லாம் முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். துண்டு துண்டாக வெட்டிப் போட்ட வீடியோ வேண்டாம். முழு ராத்திரிக் கூத்தாகத் தேடி எடுங்கள். நடுவில் கண் அசந்தாலும் பரவாயில்லை, ஊரில் பாய் விரித்துப் பார்த்தவர்கள்தானே நாம்.

இரைச்சலுக்குக் காரணம் கைப்பேசி. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று உச்சஸ்தாயியில் பாடுகிற குரல் அது. முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலும் அந்த உயரத்துக்கே போகும். சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கமும் டோலக்கும் அடங்கிப்போய், மேல்சத்தம் மட்டும் காதைக் குடையும். மகனிடம் சொல்லி டிவியோடு நல்ல ஸ்பீக்கர் ஒன்றை இணைக்கச் சொல்லுங்கள். தாளக்கட்டு அடியில் கேட்கத் தொடங்கிவிட்டால் அந்தக் குரல் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

‘கர்ண மோட்சம்’ போடுங்கள். பாரதப் போரின் பதினேழாம் நாள் கதை. வியாச பாரதத்தில் இல்லாத பொன்னுருவி நம் கூத்தில் கர்ணனின் மனைவி. போருக்குப் போகுமுன் அவளிடம் அவன் விடைபெறும் இடம் ஒன்று போதும்; பிறப்பைச் சொல்லிச் சொல்லி ஒருவனைக் காயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை அவ்வளவு பச்சையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கர்ணன் நுழைவதைத் தவறவிடாதீர்கள். இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் உச்சி, கீழே சலங்கைக் கால், நடுவே குரல் மட்டும். ஊரில் தூரத்திலிருந்து பார்த்த புஜக்கட்டையை, அந்தத் தோள் அணியை, இப்போது கேமரா பக்கத்தில் காட்டும். லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தது அது. அரிதாரம் பூசிய முகத்தில் வியர்வை வழிய நிற்கும் அந்த மனிதரை இவ்வளவு கிட்டத்தில் நாம் ஊரில் பார்த்ததே இல்லை.

பேரனுக்கு முதல் நாளே கதையைச் சொல்லி வையுங்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வரும்போது தள்ளி ஓட்டாதீர்கள். அவன் பேசுகிற பேச்சில்தான் பிள்ளைகள் சிக்குவார்கள். புரியாத வார்த்தையை நீங்கள் சொல்லிக் கொடுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சுதானே.

‘அர்ச்சுனன் தபசு’ திரையில் அவ்வளவாகச் சேராது. உயரமான தபசு மரத்தில் ஏறி அர்ச்சுனன் எலுமிச்சம்பழம் வீசும்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் ஊர்தான்.

கேள்வி: இப்படி வீட்டிலிருந்தே பார்ப்பதால் கலைஞர்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பல சேனல்களை நடத்துவது வீடியோ எடுப்பவர்கள். அதில் வரும் விளம்பரப் பணம் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரையிலான திருவிழாக் காலச் சம்பாத்தியத்தில்தான் பெரும்பாலான கூத்துக் குடும்பங்கள் வருஷத்தை ஓட்டுகின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அந்தப் பருவத்தை மொத்தமாகத் தின்றுவிட்டது. கூத்து நடக்கும் இடத்தில் பார்ப்பவர்கள் அன்பளிப்பு கொடுப்பார்கள். பெயரை மேடையிலேயே சொல்வார்கள். அந்த வழக்கத்தை வீட்டிலும் விடாதீர்கள். நிறைய வீடியோக்களின் கீழே ஜமாவின் தொடர்பு எண் இருக்கும். பேசி, அது குழுவை நடத்தும் வாத்தியாரின் எண்தானா என்று உறுதி செய்துகொண்டு, நேராக அனுப்புங்கள். நூறு ரூபாய் அனுப்பினாலும் ஆட்டம் எப்படி இருந்தது என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்தப் பெயரில் தேடுவது?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ‘தெருக்கூத்து’ என்று மட்டும் போட்டால் எல்லாம் கலந்து வரும். கூத்தின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேருங்கள். செய்யாறு பக்கம் புரிசை, கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் ஊர். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல், 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் இடம்; கட்டைக்கூத்து என்பது இதே கூத்துக்கு இன்னொரு பெயர். வடக்கத்திப் பாணியான இந்த இரண்டில் தொடங்கிவிட்டு, அப்புறம் விழுப்புரம் பக்கத்துத் தெற்கத்திப் பாணி ஜமா ஒன்றையும் பாருங்கள். ஒரே கர்ணன் இரண்டு பாணியிலும் எப்படி வேறாக நிற்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.