பிடிவாதக்காரர் ஒருவர் போதும்: மகளின் படிப்பைப் பற்றி ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

கணிதத்தில் கெட்டிக்காரியான மகள், "பெரிய சமூக மோதல்களில் கருத்தொற்றுமை எப்படி உருவாகிறது என்பதைக் கணித மாதிரிகளால் ஆராயப் போகிறேன்" என்றதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வருவது அரிது என்பது உண்மை. ஆனாலும் அவள் கேட்பது ஆழமான படிப்பு.

1974-இல் மோரிஸ் டிகுரூட் என்ற புள்ளியியலாளர் ஓர் எளிய மாதிரியை முன்வைத்தார். குழுவில் ஒவ்வொருவரும் தம் கருத்துக்கும் பிறர் கருத்துக்கும் ஓர் எடை, அதாவது எதை எவ்வளவு மதிக்கிறோம் என்ற எண், வைத்து, திரும்பத் திரும்பச் சராசரி எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோருடைய பேச்சும் நேராகவோ சுற்றியோ எல்லோரையும் எட்டினால், போகப்போக ஒரே கருத்துக்கு வந்து சேர்வார்கள். அந்தக் குழுவில் பிடிவாதக்காரர் ஒருவரை வைத்துப் பாருங்கள். அவர் யாருக்கும் செவிசாய்க்கமாட்டார். மற்றவர்களோ அவர் சொல்வதைச் சிறிதளவு காதில் வாங்குவார்கள். கடைசியில் குழு முழுவதும் அவர் கருத்திலேயே போய் நிற்கும். கணக்குப்படி அதுவும் கருத்தொற்றுமைதான். நியாயமா?

ஓர் அணைக்காக ஊர்களைக் காலிசெய்யும் தகராறில் ஆயிரக்கணக்கானோருக்குக் கருத்து இருக்கும். ஒத்த கருத்துடையோரைக் கொத்துகளாகப் பிரித்து, கொத்துக்கு ஓர் எடை வைத்துக் கணக்கிடுவது இத்துறையின் வழக்கம். தலைகளை எண்ணி எடை வைத்தால், வீட்டையே இழக்கப்போகும் சிறு குழு விடையில் காணாமல் போய்விடும். இந்தப் படிப்பின் உயிர் அந்த எடையில்தான் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு எடை என்ற கேள்வி மகளை உறுத்துகிறதா என்று கேளுங்கள். சமன்பாடுகள் மட்டுமே பிடிக்கும் என்றால், தூய கணிதம் அவளுக்கு இன்னும் பொருந்தும்.

இளநிலையிலேயே குறுகிய சிறப்புப் படிப்பு வேண்டாம். கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கட்டும். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கைவந்தாக வேண்டும். நிரலாக்கம் கூடவே வந்துவிடும். முதுநிலையில் இந்தத் துறைக்குத் திரும்பலாம். மனம் மாறினாலும் தரவுப் பகுப்பாய்வு, பொதுக்கொள்கை, பேரிடர் மேலாண்மை என்று இதே பயிற்சி கைகொடுக்கும் வேலைகள் உண்டு. சமூகவியல் பாடம் ஒன்றையும் அவள் கட்டாயம் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களிடம் உட்கார்ந்து பேசிப் பழகாதவர் வைக்கும் எடைகளை நான் நம்பமாட்டேன்.

முடிவெடுக்கும் முன், மூன்று பேர் கொண்ட ஒரு மாதிரியை அவளே கணினியில் எழுதட்டும். எடைகளை மாற்றினால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு விளக்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து வாருங்கள்; பேசலாம்.