விசில் ஊதத் தெரிந்தால் மட்டும் ரீஜனல் ஆட்டம் வந்துவிடாது

கேள்வி: சிகாகோ புறநகரில் இருக்கிறேன். பகலில் ஐ.டி. வேலை, சாயங்காலம் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். ஐந்து சீசன் முடிந்துவிட்டது, வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டங்களும் கிடைக்கின்றன. ஆனால் பிப்ரவரியில் ரீஜனல் (மாநிலத் தொடரின் முதல் கட்டம்) ஆட்டங்களுக்கான நடுவர் ஒதுக்கீடு வெளிவரும்போது என் பெயர் மட்டும் இருப்பதில்லை. என்னோடு பதிவு செய்த இரண்டு பேருக்குக் கிடைத்துவிட்டது. ஆட்டங்களுக்கு நடுவர்களை ஒதுக்கும் அசைனரிடம் நேரடியாகக் கேட்கலாமா? கோச்சுகளிடம் கொஞ்சம் சிரித்துப் பேசிப் பழக வேண்டுமா? அல்லது என் ஆங்கில உச்சரிப்புதான் காரணமா?

பதில்: அசைனரிடம் கேட்டுப் பயனில்லை, அவர் கையை விரிப்பார். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உங்களுக்கு ஆட்டம் கொடுப்பது அந்தந்த கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடும் பள்ளிகளின் குழு) அசைனர். ரீஜனலில் தொடங்கி ஸ்டேட் ஃபைனல் வரை யார் எங்கே என்று முடிவு செய்வது புளூமிங்டனில் இருக்கும், இல்லினாய் உயர்நிலைப் பள்ளிச் சங்கமான ஐ.ஹெச்.எஸ்.ஏ.வின் அலுவலகம். இரண்டும் வேறு வேறு கதவுகள். ஆர்பிட்டர் என்ற ஒதுக்கீட்டு இணையதளத்தில் எல்லாத் தேதிகளையும் திறந்து வைத்துவிட்டு ரீஜனலுக்குக் காத்திருக்கும் நடுவர்கள் நிறையப் பேர். ஆர்பிட்டரில் நீங்கள் போடுவது உங்கள் அசைனருக்குத்தான் தெரியும். போஸ்ட் சீசனுக்கு (ரீஜனல் முதல் ஸ்டேட் வரையிலான தொடர்) எந்தத் தேதிகளில் வர முடியும், எந்தப் பள்ளிகளோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு என்பதையெல்லாம் ஐ.ஹெச்.எஸ்.ஏ.வின் நடுவர் பக்கத்தில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் அதைத் திறந்து பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது உங்கள் நிலை. இல்லினாயில் ரெஜிஸ்டர்டு, ரெகக்னைஸ்டு, சர்டிஃபைடு என்று மூன்று படிகள் உண்டு. ஐந்து வருடம் ஆகிவிட்டது என்பதற்காக யாரும் உங்களைத் தூக்கி மேல்படியில் உட்கார வைக்கப் போவதில்லை. நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், மதிப்பீடு தேறியிருக்க வேண்டும். நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. இன்னும் முதல் படியிலேயே இருந்தால் உங்களோடு சேர்ந்த அந்த இருவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அநேகமாக அதுதான்.

அப்புறம் பவர் ரேட்டிங். கோச்சுகள் போடும் மதிப்பெண், ஒவ்வொரு பள்ளியும் தனக்குப் பிடித்த நடுவர்கள் என்று அனுப்பும் 15 பேர் பட்டியல், வருடாந்திரத் தேர்வில் நீங்கள் எடுத்த மதிப்பெண், கிளினிக் (நடுவர் பயிற்சி வகுப்பு) போனீர்களா, எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பல விஷயங்களைச் சேர்த்து ஒரு எண் வருகிறது. இதில் எல்லோரும் திட்டுவது கோச் மதிப்பெண்ணைத்தான். தோற்ற கோச் கோபத்தில் போடுகிறார், ஜெயித்தவர் மறந்தே போகிறார் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருவருடைய வேலையை, அந்த வேலையால் நேரடியாகப் பாதிக்கப்படுகிற ஆளே எடை போடுவது நல்ல முறையென்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒரு கோச்சின் கோபத்தைப் பற்றி அல்ல, உங்களை மொத்தம் எத்தனை பள்ளிகள் பார்த்திருக்கின்றன என்பதைப் பற்றி. ஒரே கான்ஃபரன்ஸில் சீசன் முழுக்க ஊதினால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோச்சுகள்தான் உங்களைப் பார்ப்பார்கள். அவர்கள் எல்லோருமே உங்களை விரும்பினாலும் அந்த 15 பேர் பட்டியலில் நீங்கள் ஏழெட்டு முறைக்கு மேல் வர வழியில்லை. அடுத்த சீசனுக்கு இரண்டு மூன்று கான்ஃபரன்ஸ்களில் பெயர் கொடுங்கள், ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருந்தாலும் சரி. பெண்கள் ஆட்டத்தைத் தள்ளாதீர்கள். பையன்கள் ஆட்டம்தான் பெரிது என்று மூக்கைச் சுளிக்கும் நடுவர்கள், பெண்களுக்கும் ரீஜனல் முதல் ஸ்டேட் வரை முழுத் தொடர் தனியாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கோச்சிடம் சிரித்துப் பேசலாமா என்று கேட்டீர்கள். ஆட்டத்துக்கு முன் கை குலுக்குங்கள், அவ்வளவுதான். மதிப்பெண் கேட்பது, ஜாடைமாடையாகக் கேட்பதும்கூட, உங்கள் பெயரை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

சரி, காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மைதானத்தில் உங்களைப் பார்க்க வருகிற அனுபவசாலி எதைப் பார்க்கிறார்? நீங்கள் எத்தனை ஃபவுல் பிடித்தீர்கள் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்கிறார்களா என்றுதான் பார்ப்பார். ஒரு உதாரணம். மூன்று நடுவர்களில் நீங்கள் சென்டர், பக்கவாட்டில் நிற்பவர்; லீட் என்பவர் கூடைக்குப் பின்னால் கோட்டருகே நிற்பவர். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பையன் தன் டிஃபெண்டரைத் தாண்டி உள்ளே பாய்கிறான். கூடைக்கு அடியிலிருந்து இன்னொரு டிஃபெண்டர் உதவிக்கு வந்து குறுக்கே நிற்கிறான், மோதல், இருவரும் தரையில். உங்கள் விசில், லீட் நடுவரின் விசில், இரண்டும் ஒரே நொடியில். இங்கேதான் ஆள் தெரிவது. கை முஷ்டியை உயர்த்தி அப்படியே நில்லுங்கள். பிளாக் (தடுத்தவன் தவறு) என்று இடுப்பில் கை வைக்காதீர்கள், சார்ஜ் (பாய்ந்தவன் தவறு) என்று பின்னந்தலைக்குக் கை கொண்டு போகாதீர்கள். முதலில் லீடின் கண்ணைப் பாருங்கள். உதவிக்கு வந்த டிஃபெண்டர் அவருடைய ஆள், தொடக்கத்திலிருந்து அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். விட்டுக்கொடுத்துவிட்டு நகருங்கள். அவசரப்பட்டு நீங்கள் பிளாக் காட்டி, அவர் சார்ஜ் காட்டிவிட்டால், நடுவர்கள் பேச்சுவழக்கில் பிளார்ஜ் என்கிற கோளாறு அது. கல்லூரி விதியையோ என்.பி.ஏ.வையோ இங்கே கொண்டு வர முடியாது. பள்ளி ஆட்டத்துக்கு விதி வகுக்கும் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.ஹெச்.எஸ். விளக்கப்படி இரண்டையும் பதிவு செய்து டபுள் ஃபவுல் கொடுத்தாக வேண்டும். இரண்டு கோச்சும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்துக் கத்துவார்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். அரங்கில் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறவர் மற்ற 31 நிமிடங்களில் நீங்கள் செய்த நல்ல வேலையை மறந்துவிட்டு இதை மட்டும் எழுதிக்கொண்டு போவார்.

விதிப் புத்தகத்தையும் புதிதாக வைத்திருங்கள். 2023-24 சீசனிலிருந்து ஒன் அண்ட் ஒன் (முதல் ஷாட் விழுந்தால்தான் இரண்டாவது) போய்விட்டது. கால் பகுதிக்கு ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து நேராக இரண்டு ஷாட், கால் பகுதி முடிந்தால் கணக்கு பூஜ்யம். அடுத்த வருடமே, ஃபவுல் பட்டதாக நடிப்பவருக்கு எடுத்த எடுப்பில் டெக்னிக்கல் ஃபவுல் என்பதை மாற்றி முதலில் அணிக்கு எச்சரிக்கை என்று ஆக்கினார்கள். கேட்டால் எல்லோருக்கும் தெரியும். நெருக்கடியான நான்காவது கால் பகுதியில் கை தானாக என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

உச்சரிப்புக்கு வருகிறேன். அதனால் யாருமே உங்களைக் குறைத்துப் பார்ப்பதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த வேலையில் பாதி சைகை. ஃபவுல் பிடித்ததும் ஸ்கோர் மேசையை நோக்கிப் போய், நின்று (ஓடிக்கொண்டே சொல்லாதீர்கள்), நிறம், எண், என்ன ஃபவுல் என்று நிதானமாகக் காட்டினால் உச்சரிப்பு எதுவாக இருந்தாலும் ஸ்கோரருக்குப் புரியும். பள்ளிக் கூடைப்பந்து ஜெர்சியில் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களே வராதபடி காலங்காலமாக வைத்திருப்பதும் இதற்காகத்தான், ஒரு கைக்கு ஒரு இலக்கம் போதும். உச்சரிப்பைவிட நம்மவர்களுக்குப் பெரிய தடை வேறொன்று. இங்கே பிறந்து வளர்ந்த நடுவர்களில் பலருக்கு அவர்கள் ஆடிய பள்ளி, ஆட்டம் கற்றுக்கொடுத்த கோச், அந்தக் கோச்சின் நண்பரான அசைனர் என்று ஒரு வலை தானாக அமைந்திருக்கிறது. நமக்கு அது இல்லை, அதனால் கட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதி நடுவர் சங்கத்தில் சேர்ந்து கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். ஜூனில் பள்ளிகள் நடத்தும் ஷூட்அவுட் (கோடைக்காலத் தொடர்) ஆட்டங்களை எடுங்கள், காசு குறைவுதான், ஆனால் ஒரே வாரக் கடைசியில் பல பள்ளிகளின் கோச்சுகள் உங்களைப் பார்க்கிறார்கள். கோடையில் ஒரு நடுவர் முகாமுக்குக் கைக்காசு போட்டுப் போங்கள், அங்கே மூத்தவர்கள் உங்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். கசக்கும், பலன் உண்டு.

வெளிமாநில நண்பர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டெக்சாஸில் போஸ்ட் சீசன் ஆட்டத்துக்கு நடுவர்கள் எங்கிருந்து வர வேண்டும் என்பதில் மோதும் பள்ளிகளின் சம்மதத்துக்கு இடமுண்டு. அங்கே செல்லுபடியாகும் யோசனை இல்லினாயில் செல்லாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஐ.டி. வேலை என்கிறீர்கள். நீங்கள் இருப்பது ஹெச்-1பி விசாவில் என்றால், ஆட்டத்துக்குப் பணம் வாங்குவதே பிரச்சினை. அந்த விசா உங்களுக்காக விண்ணப்பித்த நிறுவனத்துக்கு வேலை செய்ய மட்டும்தான், நடுவர் கட்டணமோ 1099 என்ற வரிப் படிவக் கணக்கில் தனி ஒப்பந்தக்காரருக்கு வருவது. கிரீன் கார்டு இருந்தால் தொல்லை இல்லை. இல்லையென்றால் ரீஜனலை மறந்துவிட்டு முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

நடுவர் பற்றாக்குறை என்று எங்கும் பேச்சாக இருக்கிறதே, பிறகும் ஏன் இடமில்லை என்று தோன்றலாம். கொரோனா காலத்தை ஒட்டி நாடு முழுக்க சுமார் 50,000 பேர் விலகியதாக என்.எஃப்.ஹெச்.எஸ். சொன்னது உண்மைதான். அந்த ஓட்டை தெரிவது ஃபிரெஷ்மன் (முதலாண்டு மாணவர்), ஜே.வி. (வார்சிட்டிக்கு அடுத்த அணி) ஆட்டங்களில். போஸ்ட் சீசனிலோ தோற்ற அணி வெளியே, ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டங்கள் பாதியாகிக்கொண்டே போகும், செக்‌ஷனல், சூப்பர் செக்‌ஷனல் என்று போகப் போக இடம் சுருங்கும். இன்று கல்லூரிக் கூடைப்பந்துத் தொடருக்குச் சொல்லப்படும் மார்ச் மேட்னஸ் என்ற சொல்லே 1939-இல் இந்த மாநிலச் சங்கத்தைச் சேர்ந்த ஹெச்.வி. போர்ட்டர் பள்ளித் தொடரைப் பற்றி எழுதியதில் பிறந்தது. இங்கே அந்த இடங்களுக்கு எவ்வளவு போட்டி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்ததும், கோபம் ஆறியபின், ஐ.ஹெச்.எஸ்.ஏ. அலுவலகத்துக்கு ஒரு சின்ன மெயில் போடுங்கள். "எனக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று வேண்டாம். "என் கோப்பில் என்ன குறைகிறது, அடுத்த வருடம் தகுதி பெற நான் எதை முடிக்க வேண்டும்" என்று கேளுங்கள். அந்த இருவருடைய பெயரை எழுதாதீர்கள். பதிலில் தேர்வு என்று வந்தால் தேர்வுக்குப் படியுங்கள், கிளினிக் என்று வந்தால் அந்த வாரமே இடம் பதிவு செய்யுங்கள், கோடை கிளினிக்குகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.