பழைய ஜீப்புக்குப் புது சைலன்சர்: கேள்வி பதில்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் பகுதி), சைலன்சர் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹெடர் (கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதில் மாட்டும் குழாய்த் தொகுதி) வேண்டும் என்று கேட்டிருக்கும் பலருக்கு உண்மையில் தேவை ஒரு நல்ல கேஸ்கெட்தான், அதாவது இணைப்பில் கசியாமல் வைக்கும் தகடு.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1.3 லிட்டர் கார்புரேட்டர் ஜிப்ஸி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. வால்வை இயக்கும் டேப்பட்டின் சத்தம் என்கிறார் மெக்கானிக். எப்படியும் ஹெடர் போடப் போகிறேன். அதோடு சரியாகிவிடுமா?

பதில்: டேப்பட்டாக இருந்தால் சூடான பிறகும் ஓரளவு கேட்கும். சூடானதும் சுத்தமாக நிற்கிறது என்றால் மேனிஃபோல்டு கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரும்பு விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்து, மேனிஃபோல்டு ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கழற்றிய பிறகு கேஸ்கெட்டில் கருப்புக் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஒரு நேரான எஃகு ஸ்கேலையும் ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து மேனிஃபோல்டின் முகத்தைப் பாருங்கள். மேனுவலில் சொன்ன அளவுக்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸ் பிடிக்கலாம், அதாவது மட்டமாக்கலாம். எஞ்சினில் மேனிஃபோல்டு உட்காரும் ஹெட்டின் முகத்தையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. அது வளைந்திருந்தால் புது ஹெடரும் ஒரு மாதத்தில் அதே டிக் டிக்தான்.

கேள்வி: சார், எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (வெளியேறும் புகையைத் தடுக்கும் எதிர் அழுத்தம்) வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இழுவை போவது உண்மை, சொல்லும் காரணம் தப்பு. எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரின் புகை குழாயில் வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் பெரிதானால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் குறைந்த ஆர்.பி.எம்-மில் புகை மந்தமாகிவிடும், இந்த இழுப்பும் போய்விடும். பேக் பிரஷர் குறைந்ததும் வேகம் போனதும் ஒரே சமயத்தில் நடப்பதால் பழி பேக் பிரஷர் மேல் விழுகிறது.

பாறையிலும் சேற்றிலும் நாம் ஓட்டுவது பெரும்பாலும் 1000 முதல் 2500 ஆர்.பி.எம்-முக்குள். ரேஸ் வண்டிக்கான குழாய் நமக்கு ஆகாது. 1.3 லிட்டருக்கு ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் அங்குலம் போதும். ஜீப்பின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கே இரண்டேகாலிலிருந்து இரண்டரை அங்குலம்தான் என் சிபாரிசு. மூன்று அங்குலம் போட்டால் கூடுவது சத்தம் மட்டுமே.

கேள்வி: ஹெடரில் 4-1, 4-2-1 என்று இரண்டு வகை இருக்கிறதே?

பதில்: நமக்கு 4-2-1, அதாவது நாலு குழாய்களை முதலில் இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்குவது. 4-1 நாலையும் நேராக ஒன்றாக்கும். நாலு சிலிண்டர் எஞ்சினில் 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் சேர்ப்பார்கள். இந்த ஜோடிகள் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் எரிவதால் ஒன்றின் புகை இன்னொன்றைத் தள்ளாது. கீழ், நடு ஆர்.பி.எம்-மில் இதனால் லாபம். 4-1 மேல் ஆர்.பி.எம்-முக்கானது. ஆனால் நீளமான ஹெடர் கீழே இறங்கி வரும். ஸ்டியரிங் ராடு, முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றுக்கும் இடம் விடுகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: 1995 ஜீப் செரோக்கி, 4.0 லிட்டர். மேனிஃபோல்டு விரிசல் விட்டது, வெல்டிங் வைத்தோம், மறுபடியும் விட்டது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஹெடர் போட்டால் தீருமா?

பதில்: இந்த எஞ்சினின் குழாய் மேனிஃபோல்டுக்கு இது பழைய வியாதி. புதிதாக வாங்குவதானால் குழாய்களுக்கு நடுவே பெல்லோஸ் போல நெளியும் இணைப்பு உள்ளதாகப் பாருங்கள், சூட்டில் விரிய அது இடம் கொடுக்கும். ஆனால் எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் எந்த ஹெடரும் நிற்காது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் சாய்கிறது, கீழே குழாய் சேஸிஸோடு பிடித்திருக்கிறது, நடுவில் மேனிஃபோல்டு முறுக்கப்படுகிறது. மவுண்ட்டை மாற்றி, ரப்பர் ஹேங்கர்களைப் புதுப்பித்து, மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் டவுன் பைப்பில் ஒரு நெளிகுழாய் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொன்று: இதில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே கேஸ்கெட்டில், பொதுவான போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகத்தான் கழற்ற வேண்டும், அதற்குத் தக்க நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) உடைக்காமல் கழற்ற வழி உண்டா?

பதில்: உத்தரவாதமான வழி இல்லை, வாய்ப்பைக் கூட்டும் வழி உண்டு. அவசரம் கூடாது. முந்தின சில நாட்கள் தினமும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். வெறும் டீசல் போதாது. கழற்றும் முன் நட்டை இம்மியளவு இறுக்குங்கள், துருவின் பிடி அப்போதுதான் முதலில் விடும். அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி என்று போக வேண்டும். நீள ராடு மாட்டி ஒரே இழுப்பில் இழுத்தால் உடையும்.

உடைந்துவிட்டதா? ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்யுங்கள். திருகுவதற்குத் தலை கிடைப்பதைவிட, அந்தச் சூடு ஸ்டட்டின் பிடியை விடுவிப்பதுதான் பெரிய லாபம். ஹெட் அலுமினியம் என்றால் கேஸ் விளக்கைக் கவனமாகப் பயன்படுத்துங்கள், அலுமினியம் சிவக்காமலே உருகும். மட்டமாக உடைந்திருந்தால் நடுவில் பஞ்ச் செய்து இடது சுற்று டிரில்லால் துளையிடுங்கள், பல சமயம் டிரில்லே ஸ்டட்டை வெளியே கொண்டுவந்துவிடும். உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் எனக்குப் பிடிக்காத கருவி. அது உள்ளே உடைந்தால் அதைத் துளையிடச் சாதாரண டிரில்லால் முடியாது, அவ்வளவு கடினம். மரை போய்விட்டால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்.

மாட்டும்போது புது ஸ்டட், செம்பு முலாம் பூசிய நட்டு. நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள்.

கேள்வி: லேண்ட் ரோவர் டிஃபென்டர் டிடி5 டீசலில் ஓரத்து ஸ்டட்டுகள் மட்டும் உடைந்துகொண்டே இருக்கின்றன.

பதில்: மேனிஃபோல்டு வளைகிறது, அதுதான் ஓர ஸ்டட்டுகளை அறுக்கிறது. போர்ட்டுகளை (புகை வரும் வாய்கள்) இணைக்கும் இரும்புப் பாலங்களை வெட்டிவிட்டு, முகத்தை மட்டமாக்கி மாட்டினால் ஒவ்வொரு போர்ட்டும் தனித்தனியாக விரியும். இதற்கெனப் பாலமில்லாத மேனிஃபோல்டும் கிடைக்கிறது.

கேள்வி: பழைய டர்போ இல்லாத டீசல் ஜீப். கரும்புகை. பெரிய சைலன்சர் உதவுமா?

பதில்: உதவாது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் டைமிங் பாருங்கள். டர்போ டீசலாக இருந்திருந்தால் பதில் வேறு: டர்போவுக்குப் பின்னால் தடையில்லாத அகலக் குழாய் போட்டால் டர்போ சீக்கிரம் சுழலும், புகையின் சூடும் குறையும்.

கேள்வி: ஹெடர் போட்டபின் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது.

பதில்: ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எங்கோ கசிவு. புகை துடிப்பு துடிப்பாகப் போகிறது. துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் குறையும்போது ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே வரும். அதிலுள்ள ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் ‘எரிபொருள் போதவில்லை’ என்று தகவல் அனுப்ப, கம்ப்யூட்டர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கசிவில்லை என்றால் சென்சார் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு ஹீட்டர் கிடையாது, எஞ்சினிலிருந்து தள்ளிப் போனால் அது சரியாகச் சூடேறாது.

கேள்வி: வெப்பத்தைக் குறைக்க ஹெடரில் துணி நாடா சுற்றலாமா?

பதில்: சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டிக்கு வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்றுவிடும். செராமிக் பூச்சு, அல்லது கம்பெனியில் வந்த தகட்டு ஷீல்டு. அந்த ஷீல்டைக் கழற்றி மூலையில் போட்டிருப்பீர்கள், தேடி எடுங்கள்.

கேள்வி: பாறையில் இடிக்கிறது என்று டெயில் பைப்பை வெட்டி, டிரைவர் சீட்டுக்குக் கீழேயே முடித்துவிட்டோம். தார்ப்பாய்க் கூரை வண்டிதானே, பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. உடனே மாற்றுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டி மெதுவாக ஊரும்போதும் நின்றபடி ஐட்லில் ஓடும்போதும் அடியில் தேங்கி, பழைய தளத்தின் ஓட்டைகள் வழியாக மேலே வரும். பயணத்தில் எல்லோருக்கும் தலைவலி என்றால் அது வெயிலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. பின் திரையைத் திறந்து வைத்தால் சரியான சைலன்சரின் புகையும் உள்ளே வரலாம். குழாய் உடலின் ஓரத்தைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். இடிக்கிறது என்றால் பின் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில், சேஸிஸ் மட்டத்துக்கு மேலே கொண்டுபோங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் இரண்டையும் விட்டுத் தள்ளியே போகட்டும். காய்ந்த புல்லில் நிறுத்தும்போது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள், அதன் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீரில் சைலன்சர் மூழ்கினால் எஞ்சின் நின்றுவிடுமா?

பதில்: ஓடிக்கொண்டிருக்கும்வரை புகையே தண்ணீரைத் தள்ளிவிடும். நடுவில் நின்றுவிட்டால் மட்டும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெளியே இழுத்து, பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்த்த பிறகே. இறங்கும் முன் சில நிமிடம் ஆறவிடுவதும் நல்லது, கொதிக்கும் காஸ்ட் அயர்ன் மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

கேள்வி: புது ஹெடர் மாட்டியதிலிருந்து புகையும் வாடையும் வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயும் பெயிண்ட்டும் எரிகிறது. திறந்த வெளியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அடங்கிவிடும். முழுக்க ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், நாலைந்து தடவை ஓட்டியபின் இன்னொரு முறை.